எதில் கை வைப்பது? மடுல்சீமையில் ஓய்வின் முதல் வருஷப் பிறப்பு

பெப்ரவரி கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். மலைநாட்டு நீதிமன்றங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் சிங்கள-தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். பூட்டை உடைத்தவர், வேலித் தகராறு செய்தவர், விவாகரத்துக் கேட்டவர் என்று எல்லோருக்காகவும் பேசியிருக்கிறேன். ஒரே ஒரு கட்டுப்பாடு: சொந்தமாக ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. "அந்த ஆட்டை ஏன் ஐயா மாடிக்குக் கொண்டுபோனீர்கள்?" என்று நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு நின்ற நாட்கள் அநேகம். இப்போது கேட்கத் தடையில்லை. இந்தக் கட்டுரையில் நான் வழியில் கண்டவர்களையெல்லாம் குடைந்திருந்தால் காரணம் அதுதான்.

ஓய்வு பெற்றவுடன் மெல்பனில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் வீடியோக்களை அனுப்பத் தொடங்கினாள். ஓய்வு என்பது புதிய பருவமாம், அதற்கு நோக்கங்கள் வகுக்க வேண்டுமாம். நானும் வகுத்தேன். காலை நடை, வாரம் ஒரு புத்தகம், தையல் வகுப்பு. நடை மழையில் நின்றது. புத்தகம் தலையணைக்கு உயரம் சேர்த்தது. தையல் ஆசிரியை என் முதல் சட்டைக் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், உங்களுக்குத் தோட்டக்கலை பிடிக்குமா?" என்று கேட்டார்.

இந்த நிலையில்தான் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் கூப்பிட்டார். தன் அலுவலகத்தில் அரை நாள் வேலை, அதே மொழிபெயர்ப்பு. வருஷப் பிறப்பு விடுமுறை முடிந்து அலுவலகம் திறப்பதற்குள் பதில் சொல்லவேண்டும். மாதிரிக்கு ஒரு காணிப் பத்திரமும் அனுப்பிவைத்தார். எனக்குப் பணக் கஷ்டம் இல்லை, பென்ஷன் போதும். ஆனால் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குப் பேசியே பழகிய வாய்க்கு, இனி சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்ற பயம். அவரிடம் போய்விட்டால் அந்தக் கேள்விக்கே அவசியம் இருக்காது. பாதி மனம் ஏற்கெனவே சம்மதித்துவிட்டது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அப்போது மடுல்சீமையிலிருந்து புஷ்பம் பேசினாள். என் பெரியப்பா மகள். அப்பா பண்டாரவளையில் கடை வேலைக்கு வந்து நாங்கள் டவுன்காரர்களாகிவிட்டோம். பெரியப்பா குடும்பம் தோட்டத்திலேயே இருந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு அவளும் இந்த வருஷம்தான் நின்றிருந்தாள்.

"எம் பேர வெட்டிட்டாங்கடி இந்திரா. இனி பெரட்டுக்குப் போக வேணாம். ஆனா வருஷப் பொறப்பு நேரத்துக்கு எந்த வேலையத் தொடுறதுன்னு தெரியல. நீயும் சும்மாத்தானே இருக்கே? வாயேன், சேந்து முழிப்போம்."

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இலங்கையில் சித்திரை வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கும். அடுப்பு மூட்ட ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம், வேலை தொடங்க ஒரு நேரம். சிங்களவரும் தமிழரும் அனுசரிக்கும் வழக்கம் இது. வேலை நேரம் வந்ததும் அவரவர் தொழிலில் சும்மா ஒரு கை வைக்கவேண்டும். தையல்காரர் ஒரு தையல், பிள்ளைகள் ஒரு பக்கம் படிப்பு, தோட்டத்துப் பெண்கள் ஒரு பிடி கொழுந்து. அன்று எதில் கை வைக்கிறோமோ அதுவே வருஷம் முழுதும் நிலைக்கும் என்பது நம்பிக்கை. பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே பேர் இல்லாதவளுக்குக் கொழுந்தும் இல்லை. அப்படியானால் அவள் எதைத் தொடுவது? நான் எதைத் தொடுவது? மகளின் வீடியோக்களைவிட இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. காணிப் பத்திரத்தையும் ஒரு பேனையையும் பையில் போட்டுக்கொண்டேன். நேரத்துக்கு அதில் ஒரு வரியை மொழிபெயர்த்தால் சட்டத்தரணிக்குச் சம்மதம், இல்லாவிட்டால் இல்லை. இப்படி எனக்கு நானே ஓர் ஒப்பந்தம். கணவருக்கு மின்நிலையத்தில் ஷிஃப்ட் இருந்தது, தனியாகத்தான் கிளம்பினேன்.

வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, நான் குடியிருக்கும் கண்டியில் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் பதுளை ரயிலில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு, உண்மையில் ஏற்றப்பட்டேன். இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஐந்நூற்றுச் சொச்சம், ஆசனம் பதிவு செய்யாதது. ஹட்டன் வரை ஒரு காலில் நின்றேன். அதற்குப் பிறகு இடம் கிடைத்தது. எதிரில் கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர் மடியில் ஒரு மின்விசிறிப் பெட்டியைக் குழந்தைபோல் வைத்திருந்தார். எங்கே இறங்குகிறார் என்று கேட்டேன். ஹப்புத்தளை என்றார். ஹப்புத்தளையில் மத்தியானமே ஸ்வெட்டர் போடவேண்டும்.

"ஹப்புத்தளையில ஃபேன் எதுக்குத் தம்பி?"

"ஃபேன் இல்லீங்க. பெட்டி நல்ல பெட்டின்னு மொதலாளி குடுத்தாரு. உள்ள கேக்கு இருக்கு, அம்மாவுக்கு."

பட்டிப்பொலையில் குளிர் ஜன்னல் வழியே ஏறி வந்தது. எல்ல நிலையத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இறங்க, பெட்டி காலியானது. தெமோதரையில் ரயில் வளைந்து தன் தண்டவாளத்துக்கே அடியில் புகும் இடத்தைப் பார்க்க இப்போது இரண்டு பக்கமும் ஜன்னல் கிடைத்தது. எல்லவோடு இறங்கிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மாலை நாலரைக்குப் பதுளை.

அன்றிரவு பதுளையில் ஒரு சிறிய விடுதியில் தங்கினேன், அறைக்கு மூவாயிரத்து ஐந்நூறு. மறுநாள் காலை பஸ் நிலையத்தில் மடுல்சீமை பஸ்ஸைத் தேடிப்பிடித்தேன். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் எடுத்தது. பசறை வரை பாதை ஒழுங்கு. வலப்பக்கம் நமுனுகுல மலை கூடவே வரும். பசறைக்குப் பிறகு வளைவுகள் தொடங்குகின்றன. நடத்துநர் டிக்கெட் கொடுக்கும்போதே பொலித்தீன் பையும் கொடுக்கிறார், கேட்காமலே. எனக்குத் தேவைப்படவில்லை என்பதை இங்கே பெருமையாகப் பதிவு செய்கிறேன்.

மடுல்சீமை டவுனில் புஷ்பத்தின் மருமகன் ரவி ஆட்டோவுடன் நின்றிருந்தார். தோட்டத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். மற்றவர்களிடம் ஆயிரத்து இருநூறு வாங்குவாராம். என்னிடம் வாங்க மறுத்துவிட்டார். பாதையில் தார் இருந்த ஞாபகம் கற்களுக்குத்தான் இருக்கும். ஓரிடத்தில் மலைச்சரிவு முழுக்கத் தேயிலை ஒழுங்கற்று நின்றது. கவ்வாத்து வெட்டிய மலை போலும், வெட்டினால்தானே புதுத் துளிர் வரும், ஓய்வுக்கும் இது பொருந்துமே என்று கட்டுரைக்கு ஒரு தத்துவம் தயாரித்துக்கொண்டு ரவியிடம் காட்டினேன்.

"அது கவ்வாத்து இல்ல அத்தை. ஆளில்லாம விட்ட மலை. காடாப் போச்சு. உள்ள பன்னி கெடக்கு."

தத்துவம் அங்கேயே இறங்கிக்கொண்டது.

புஷ்பத்தின் லயத்தில் எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கின்றன. அவளுடையது கடைசி, பக்கத்தில் ஓர் அறை சேர்த்துக் கட்டியிருக்கிறாள். வெளியே தண்ணீர்க் குழாய், அதைத் தாண்டி இறக்கத்தில் கீழ்க் கிராமத்துச் சிங்கள வீடுகளின் கூரைகள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "பேனா புடிச்ச கை பஞ்சாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். அவளுடைய விரல்களில் கறை இன்னும் போகவில்லை.

தேநீர் குடித்துக்கொண்டே நான் விசாரணையைத் தொடங்கினேன். வேலை நின்ற பிறகு காலையில் என்ன செய்கிறாள்?

"மணி அடிச்சா ஒடம்பு தன்னால எந்திரிக்குது. மொத வாரம் படங்க இடுப்புல கட்டிட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன்னா பாரேன். மலரு கத்துறா, அம்மா எங்க போறேன்னு." மலர் அவள் மகள், ரவியின் மனைவி. படங்கு என்பது செடி குத்தாமல் இருக்க இடுப்பில் கட்டும் சாக்கு.

"சரி, நேரத்துக்கு எதத் தொடப் போறே?"

"அடுப்பத் தொட்டா வருஷம் பூரா அடுப்பு. வெளக்குமாத்தத் தொட்டா வருஷம் பூரா கூட்டணும். பேசாம பாயப் போட்டுப் படுத்துறலாமான்னு பாக்குறேன்." சிரித்தாள், ஆனால் உடனே முகம் மாறியது. "வெளையாட்டில்லடி. கைய சும்மா வச்சுக்கிட்டு நிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

எனக்கும் அப்படித்தான் என்று அவளிடம் சொன்னேன். சட்டத்தரணி விஷயத்தையும் பையிலிருந்த பத்திரத்தையும் சொன்னேன். "அப்ப ஒனக்குக் கவலையில்ல, தொட ஒன்னு இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது அந்தக் குரல்.

வருஷப் பிறப்பன்று புண்ணிய காலத்தில் ஒரு வேலையும் கூடாது. மூலிகைகள் போட்டுக் காய்ச்சிக் கோயிலில் கொடுக்கும் மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளித்தோம். அந்தக் குளிரில் அதற்குத் தனி வீரம் வேண்டும். பிறகு அடுப்பு நேரத்துக்குப் பொங்கல். வேலை நேரம் காலை பத்து மணி தாண்டி. அதற்குக் கொஞ்சம் முன்பு லயமே வெளியே வந்துவிட்டது. இத்தனை ஆர்வமாக நான் எந்த விசேஷத்தையும் பார்த்ததில்லை. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு பக்கத்து மலை ஓரத்தில் காத்து நின்றார்கள். ஒரு பெண் தையல் மெஷினையே வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். ரவி ஆட்டோவுக்குள் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் ஒரு வானொலி, கீழ்க் கிராமத்திலிருந்து பட்டாசுச் சத்தம். நேரம் வந்தது. ஆட்டோ உறுமியது, மெஷின் கடகடத்தது, மலையில் கொழுந்து கிள்ளும் கைகள் அசைந்தன.

புஷ்பம் வாசலில் வெறுங்கையோடு நின்றாள். நான் பத்திரத்தை மடியில் விரித்துப் பேனை மூடியைக் கழற்றினேன்.

அப்போதுதான் இறக்கத்திலிருந்து சோமா அக்கா ஏறி வந்தார். கீழ்க் கிராமத்து அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் கொக்கிஸ், கெவும் என்ற எண்ணெய்ப் பலகாரங்கள் நிறைந்த தட்டு, மேலே ஒரு கட்டு வெற்றிலை. சிங்களவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் கொடுக்கல் வாங்கலை மனதுக்குப் பிடித்த ஒருவரோடு வைத்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் மூச்சு வாங்க வந்திருந்தார். புஷ்பத்துக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். வெற்றிலையை வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னாள். ஆனால் சோமா அக்கா அதோடு நிற்கவில்லை. நீளமாக ஏதோ பேசத் தொடங்கினார். புஷ்பம் என் பக்கம் திரும்பி, "நீ இருக்கறப்ப நான் எதுக்குத் திண்டாடணும்? சொல்லு" என்றாள்.

சொன்னேன். பேனையைக் கீழே வைத்தது நினைவில்லை. எழுந்து இருவருக்கும் நடுவில், அரை அடி பின்னால் தள்ளி நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அதுதான் நீதிமன்றத்தில் என் இடம்.

"எனக்கு முழங்கால் போய்விட்டது" என்றேன், சோமா அக்கா சொன்னபடி.

புஷ்பம் என் முழங்காலைப் பார்த்தாள். "ஒனக்கா, அவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தான். குறுக்கே பேசாதே."

விஷயம் இதுதான். சோமா அக்காவிடம் ஒரு பசு இருக்கிறது, சினையாக. ஆடியில் கன்று போடும். புல் அறுக்க அவரால் தினமும் மேடு ஏற முடியவில்லை. விற்கவும் மனமில்லை. புஷ்பம் வேலையை விட்டு நின்றதைக் கேள்விப்பட்டதிலிருந்து இந்த நாளுக்காகக் காத்திருந்தாராம். புல்லும் பராமரிப்பும் புஷ்பம், கன்று போட்ட பிறகு பாலில் பாதி. இந்த நேரத்தில் தொடங்கினால் நல்லது என்று வந்திருக்கிறார். புஷ்பம் கேள்வி கேட்டாள்: எந்தக் கரையில் புல் அறுப்பது, மாடு முட்டுமா, தொழுவம் மழைக்கு ஒழுகுமா. நான் மாற்றிச் சொன்னேன். பதில் வந்தது, மாற்றிச் சொன்னேன். இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை, ஒருவரையொருவர்தான் பார்த்தார்கள். என் வேலை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? சரி, நேரத்தில் என் கை எதில் விழவேண்டுமோ அதில் விழுந்துவிட்டது, பத்திரத்தில் ஒரு வரி எழுதினால் என்ன, இது என்ன, சட்டத்தரணிக்குச் சம்மதம் சொல்லிவிடலாம் என்று பேசிக்கொண்டே முடிவும் செய்துவிட்டேன்.

புஷ்பம் "சரிங்கக்கா" என்றாள். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. சோமா அக்கா சிரித்தார். பிறகு ஏதோ ஒரு கேள்வி கேட்டார். நான் வழக்கம்போலப் புஷ்பத்திடம் திரும்பினேன்.

"ஓய்வு எடுத்துட்டீங்களாமே, இந்த வருஷம் என்ன செய்யப்போறீங்கன்னு கேக்கிறாங்க."

புஷ்பம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதத்தானடி இப்பப் பேசி முடிச்சோம். அவங்க என்னயக் கேக்கல. நீயும் நின்னுட்டேன்னு நான் சொல்லியிருந்தேன், ஒன்னயக் கேக்குறாங்க."

திரும்பினேன். சோமா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படிப் பார்த்தாரோ.

கூண்டில் ஏறிய சாட்சிகள் பதில் வராமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இவ்வளவு எளிய கேள்விக்கு ஏன் திணறுகிறார்கள் என்றுகூட எரிச்சல்பட்டதுண்டு. நடை, புத்தகம், தையல், சட்டத்தரணி எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. ஒன்றையும் வாய் ஏற்கவில்லை. கடைசியில் சிங்களத்தில், "தெரியாது அக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அங்கே நின்று அழுதேன், ஏன் என்று இப்போதும் முழுதாக விளக்க முடியவில்லை. யாராவது என்னைப் பார்த்துக் கேட்டு அவ்வளவு காலமாகியிருந்தது, கேட்டபோது அது எனக்கில்லை என்று நானே வேறொருவரிடம் தள்ளிவிட்டேன். அதுதான் வலித்தது.

சோமா அக்கா பதறவில்லை. "தெரியாவிட்டால் வாங்க, மாட்டைப் பார்க்கலாம்" என்றார், ஏதோ அதுதான் முறை என்பதுபோல.

புஷ்பம் புல்லுக் கத்தியை எடுத்துக்கொண்டாள். கரையோரம் குனிந்து அவள் அறுத்த முதல் பிடிப் புல்லை நான்தான் ஏந்திக்கொண்டேன். பசு செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை. அந்தத் தொழுவத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். சினை மாடு ஏன் ஒரே பக்கமாகப் படுக்கிறது? இவளுக்குப் பேர் என்ன, யார் வைத்தது? சோமா அக்கா இந்தக் கிராமத்துக்கு எங்கிருந்து கட்டிக்கொண்டு வந்தார், முதல் வருஷம் தோட்டத்து ஆட்களைப் பார்த்து என்ன நினைத்தார்? கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னார், சொன்னார், எழுந்துபோய் வெற்றிலை எடுத்துவந்து உட்கார்ந்து மறுபடி சொன்னார். "இவ விடமாட்டா போலிருக்கு" என்று புஷ்பம் முணுமுணுத்தாள். பத்திரம் மாலைவரை வாசல் நாற்காலியிலேயே கிடந்தது. மலர் அதன்மேல் கொக்கிஸ் தட்டை வைத்திருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். நோக்கங்கள் வகுப்பதில் தவறொன்றும் இல்லை, என் மகள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறாள். ஆனால் பதிலைத் தயார் செய்துகொண்டு ஓய்வுக்குள் போகவேண்டும் என்று நினைத்திருந்தேன். கேள்வி எனக்கானது என்றுகூடத் தெரியாதவளுக்குப் பதிலில் என்ன அவசரம்? புஷ்பம் என்னைவிட விவரமானவள் என்று சொல்ல வரவில்லை. அவளும் வெறுங்கையோடுதான் நின்றாள். அவளைத் தேடி ஒருவர் மேடேறி வந்தார், அவள் சரியென்றாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வருஷப் பிறப்பில் போவதானால் ரயில் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மலைப்பாதையில் மண்சரிவு இருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்று கிளம்பும் முன் விசாரியுங்கள். வருஷப் பிறப்பன்றும் மறுநாளும் கடைகள் திறக்காது, மடுல்சீமை பஸ்ஸும் ஒன்றிரண்டுதான். நான் திரும்பி வந்தது அதற்கும் அடுத்த நாள் காலை பஸ்ஸில். மருந்து, பேட்டரி, சில்லறை எல்லாம் பதுளையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பிற்பகல் மழை நிச்சயம், பார்க்கவேண்டியதைக் காலையில் பாருங்கள். லயத்து வீடுகளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், அவை மனிதர் குடியிருக்கும் வீடுகள். தின்பண்டத் தட்டு வந்தால் வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒரு வாழைப்பழமாவது வைத்துக் கொடுங்கள். தோட்டத்துக்குள் தொலைபேசி சிக்னலை நம்பவேண்டாம். எனக்குப் பசறை வந்த பிறகுதான் ஒழுங்காகக் கிடைத்தது.

பசறையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. இறங்கி ஒரு பூட்டிய கடையின் வாசலில் நின்று சட்டத்தரணியைக் கூப்பிட்டேன். வாழ்த்துச் சொல்லி, நான் வரவில்லை என்றேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை.

"பரவாயில்லை. வேறு எங்காவது ஒத்துக்கொண்டீர்களா?"

"இல்லை சேர்."

"அப்படியானால் என்ன செய்யப் போகிறீர்கள்?"

பக்கத்தில் யாரும் இல்லை. "ஆடியில் ஒரு மாடு கன்று போடுகிறது, அதைப் பார்க்க மறுபடி மடுல்சீமைக்குப் போகவேண்டும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதுவரை?"

"அதுவரை என்ன என்று இன்னும் தெரியாது சேர்" என்றேன். நடத்துநர் கூப்பிட்டார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.